எட்டுப் பேர் ஏறும் வண்டி

“கதவு ரெண்டு பக்கமும் தள்ளித் திறக்குமா, இல்ல ஒரு பக்கம் மட்டுமா?” என்று மகன் கேட்டான்.

அமரர் ஊர்திக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பல வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிற ஆள். அழுகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், பேச்சே வராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று எல்லா வீட்டையும் பார்த்திருப்பார். கதவைப் பற்றி ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“பின்னால மட்டும்தாங்க திறக்கும்.”

“உள்ள எத்தனை சீட்டு?”

அவர் கைப்பேசியில் படத்தைக் காட்டினார். “நடுவுல பெட்டி. ரெண்டு ஓரத்துலயும் நீளமா சீட்டு. பக்கத்துக்கு நாலு பேர் தாராளமா உக்காரலாம். சின்னது ஒண்ணும் இருக்கு, இதோ. அதுல பெட்டிக்குப் பக்கத்துல ஒரே ஒரு மடக்கு சீட்டுதான். உங்களுக்குப் பத்தாது.” சின்ன வண்டியின் படத்தை விரலால் தள்ளிவிட்டு மறுபடி பெரியதைக் கொண்டுவந்தார்.

“எட்டு பேரா? அப்ப சரியா இருக்கும்,” என்றாள் மகள். மகனும் தலையாட்டினான். மருமகனும் ஆட்டினான். எட்டில் ஒருவர் பெட்டிக்குள் வரப்போகிறார், உட்கார மிச்சம் ஏழு பேர்தான் என்பது சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. சமையலறைக் கதவோரம் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு மட்டும் உறைத்தது. அந்த வீட்டில் ஒரு வருடமாக வண்டி என்றால் எட்டுதான். எல்லோருக்கும் வாய் பழகிவிட்டது.

நேற்று, செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, அவள் கணவர் வேலைக்குக் கிளம்பி, வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டக் குனிந்தார். நிமிரவில்லை. அவள் உள்ளேயிருந்து, “இன்னுமா கட்டிட்டிருக்கீங்க?” என்று கேட்டாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வலி தெரிந்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடம்பு அங்கேயே குளிர் அறையில் இருந்தது. நாளைக் காலை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் மின் தகன நிலையத்துக்குப் போக வேண்டும். எந்த வண்டியில் என்பதுதான் இப்போது பேச்சு.

வண்டி என்று வந்துவிட்டால் அந்தக் குடும்பம் லேசில் முடிவெடுக்காது. அதற்குக் காரணம் அவர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருடம் ‘எட்டு நபர்கள்’ என்று எழுதிய பலகைகளுக்குக் கீழே நின்று வேலை பார்த்தவர். ஏற்றிப் பார்க்காமல் எதற்கும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது தொழிலில் அவர் படித்த பாடம். வீட்டிலும் அதையே பிடித்துக்கொண்டார்.

பழைய வேனுக்கு வயது இருபத்திரண்டு. வீட்டில் அதற்குக் கிழவன் என்று பெயர். காலையில் நாலு தரம் இருமிய பிறகுதான் அதற்கு உயிர் வரும். பக்கக் கதவை இடுப்பால் முட்டி, தூக்கி, இழுத்தால்தான் திறக்கும். புதிதாக வந்த மருமகளுக்கு அந்த வித்தை கைவர ஆறு மாதம் பிடித்தது. கிழவனை மாற்றிவிடலாம் என்று பேச ஆரம்பித்து ஒரு வருடத்தில் ஆறு ஷோரூம் ஏறி இறங்கியாயிற்று. ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பேரும் போக வேண்டும். அவரும் அவளும், மகனும் மருமகளும், மகளும் மருமகனும், ஆறு வயதுப் பேத்தி, கைக்குழந்தைப் பேரன். அவரவர் இடத்தில் அவரவர் ஏறிக்கொண்டு, கதவைச் சாத்தி, பத்து நிமிடம் உட்கார வேண்டும். “எல்லாரும் மூச்சு விட முடியுதா?” என்று அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்பார். விற்பனையாளர்கள் வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டபோதுகூட அந்த மனிதர் பத்து நிமிடம் யோசித்தவரில்லை.

ஒரு வண்டியில் மருமகனுக்குத் தலை தட்டியது. ஆறரை அடி உயரம்; வீட்டில் ஒட்டகம் என்று பெயர், அவன் மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள். இன்னொன்றில் குழந்தை சீட்டை மாட்ட முடியவில்லை. வேறொன்றில் படி உயரம், பேத்தி ஏறவே ஓர் ஆள் வேண்டும். ஆறு வண்டியும் இப்படித்தான் கழிந்தன.

ஆறிலும் அவள் இடம் மட்டும் மாறவில்லை. அவருக்கு நேர் பின்னால்.

கிழவன் வந்த நாளிலிருந்து அப்படித்தான். முன் சீட்டு முதலில் மாமியாருக்குப் போயிற்று, அவருக்கு மூட்டு வலி. மாமியார் காலமான பிறகு மகன், பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பான். அவன் தேறி வளர்ந்த பின் மகள் வயிற்றுப் பிள்ளையோடு உட்கார்ந்தாள். பிள்ளை பிறந்ததும் ஒட்டகம், காலை நீட்ட வேறு இடமில்லை. இவர்கள் யாரும் இல்லாத நாளில் டூல் பெட்டியும் வயர் சுருளும் பெல்ட் போட்டுக்கொண்டு ஜம்மென்று அங்கே உட்கார்ந்திருக்கும். “எடுத்துப் பின்னால வைக்கட்டுமா?” என்பார். “எதுக்கு, அஞ்சு நிமிஷத்துல கடை வந்துரும்,” என்று அவளே சொல்லிவிட்டுக் கதவை இடுப்பால் முட்டித் திறந்து ஏறிக்கொள்வாள். அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வேனுக்கு முன்பு ஸ்கூட்டர் இருந்தது. அதிலும் அவள் பார்த்தது முதுகைத்தான்.

அவர் பின்கழுத்தை அவளைப் போலத் தெரிந்தவர் உலகத்தில் கிடையாது. முடி எந்த வருடம் எங்கே நரைத்தது, முடிவெட்டுகிறவர் எந்தப் பக்கம் கை தவறினார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவர் மூக்குக் கண்ணாடியின் இடது காதுக்கம்பி கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போது பின்னாலிருந்து கையை நீட்டி அதை அழுத்திவிடுவாள். அவர் திரும்பாமலே “ம்” என்பார்.

பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசைதான், அதற்கு வேறென்ன பெயர் வைப்பது? வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பக்கத்தில் படுத்தார்கள். அது வேறு. ஒரே கண்ணாடி வழியாக ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டு, அவர் பார்க்கிற அதே நேரத்தில் தானும் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கேட்டால் கொடுத்திருப்பார். கேட்டு வாங்கினால் அது வெறும் சீட்டு, அவராகவே கூப்பிட வேண்டும் என்று இருந்துவிட்டாள். கௌரவமா, வெட்கமா என்று அவளுக்கே தெரியாது. வருடம் மட்டும் ஓடிப்போயிற்று.

போன சனிக்கிழமை ஏழாவது ஷோரூம். மற்றவர்களுக்கெல்லாம் ஏதோ வேலை, அவர்கள் இரண்டு பேர் மட்டும் போனார்கள். வெள்ளை வண்டி. அவர் எட்டு சீட்டிலும் தானே ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்தார். ஒட்டகத்துக்காக நிமிர்ந்தும் பேத்திக்காகக் குறுகியும் உட்கார்ந்து பார்த்தார். பிறகு இறங்கி வந்து, எழுதிக்கொள்வதற்காகக் கேட்பவர்போல, “நீ எங்க உக்காருவே?” என்றார்.

“முன்னால,” என்றாள். வாய் தவறி வந்துவிட்டது.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். “இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கவே இல்லையே.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். சட்டையில் துடைக்காதீர்கள், கீறல் விழும் என்று வேறொரு நாளாக இருந்தால் சொல்லியிருப்பாள். “சரி. இந்த வண்டில அது உன் இடம். ஒட்டகம் காலை மடக்கிக்கட்டும்,” என்றார்.

ஓட்டிப் பார்க்கும்போது கம்பெனி விதிப்படி விற்பனையாளர்தான் முன்னால் உட்கார வேண்டுமாம். அவள் மறுபடி பின்னால் ஏறினாள். சிரிப்புத்தான் வந்தது. அவர் நடுக்கண்ணாடியைத் திருப்பி அவள் முகம் தெரியும்படி வைத்துக்கொண்டார். “வண்டி வந்ததும் முதல் ரவுண்டு நாம ரெண்டு பேரும்தான். இவங்க யார்கிட்டயும் சொல்லாதே,” என்றார், விற்பனையாளர் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல். ஐம்பத்து நாலு வயதில் அவளுக்கு முகம் சூடாகிவிட்டது.

திங்கட்கிழமை போன் செய்து வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்ல வேண்டும். கதவின் ரப்பரில் ஏதோ ஒரு சந்தேகம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்.

மேசையில் இருந்த அவருடைய கைப்பேசி அடித்தது. திரையில் ‘வெள்ளை வண்டி’ என்று பெயர். மகன் எடுத்தான். எதிர்ப்பக்கக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“சார் முடிவு பண்ணிட்டீங்களா சார்?”

“அப்பா இப்ப பேச முடியாதுங்க. நாங்க…” மகனுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. இரண்டு நாளாக எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான். திணறினான். “நாங்க வேற ஒரு வண்டி பேசிட்டிருக்கோம்.”

“எந்த வண்டி சார்? அவசரப்படாதீங்க சார். எட்டு பேர் உக்காரலாம்னு சொல்லுவாங்க, ஏறிப் பாத்தாத்தான் தெரியும். பின்னால இருக்கறவங்களுக்குக் காத்தே வராது. அப்புறம் வருத்தப்படுவீங்க.”

ஒட்டகம்தான் முதலில் சிரித்தான். வாயைப் பொத்திக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்துவிட்டான். மகளுக்குத் தொற்றிக்கொண்டது. மகன் கைப்பேசியை அணைத்துவிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். பிறகு எந்த இடத்தில் சிரிப்பு அழுகையாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. அமரர் ஊர்திக்காரர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தான். “சரி. பெரிசே வரட்டும். எல்லாரும் அப்பாகூடவே போயிடலாம். நானும் மச்சானும் முன்பக்கம் உக்காந்துக்கறோம், வளைவுல பெட்டி நகராம பிடிக்கணும். நீ அப்பா தலைமாட்டுல உக்காரு,” என்று தங்கையிடம் சொன்னான். “அம்மா, நீ குழந்தையை வெச்சுக்கிட்டுக் கடைசியில கதவுகிட்ட உக்காந்துக்கோ. அழுதான்னா வேடிக்கை காட்ட ஜன்னல் இருக்கும்.”

“சின்னது,” என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தையைச் சொல்கிறாள் என்று மருமகள் நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. “தூங்கறான் அத்தை,” என்றாள்.

“அந்தச் சின்ன வண்டியைக் காட்டுங்க.”

ஊர்திக்காரர் படத்தைத் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தார். சாம்பல் நிற வண்டி. உள்ளே பெட்டி வைக்கும் தட்டு, அதை ஒட்டி ஒரு மடக்கு சீட்டு. கடையில் வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பதுபோலப் படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“இதையே அனுப்புங்க.”

“அம்மா, அதுல ஒரே ஆள்தான் போக முடியும்,” என்றான் மகன்.

“தெரியும்டா.”

“அப்ப நாங்க?”

“நீங்கள்லாம் கிழவன்ல வாங்க.”

ஒட்டகம் மெதுவாக, “அத்தை, நீங்க தனியா… நடுவுல உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?” என்றான்.

“தனியா இல்லப்பா. அவரு இருக்காரு.”

மகள் எழுந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. “எனக்கும் அப்பாதானேம்மா. இது கடைசித் தடவை. நான் அவர்கூடப் போக வேண்டாமா?”

மகள் கேட்பது நியாயம். சரி, பெரிசே வரட்டும், நான் கதவுகிட்ட உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ‘சரி’ என்பது அவள் வாயில் எந்நேரமும் தயாராக இருக்கிற வார்த்தை. மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் டூல் பெட்டிக்கும் சொன்ன வார்த்தை. அது நுனி நாக்குவரை வந்தது. அவள் எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

“நீ வயித்துப் பிள்ளையோட முன்னால உக்காந்து வருவியே, அப்ப அப்பா என்ன பேசிட்டு வருவாரு?”

மகளுக்குப் புரியவில்லை. “பெரிசா ஒண்ணுமில்லம்மா. பள்ளம் வந்தா முன்னாடியே சொல்லுவாரு, பிடிச்சுக்கோன்னு. வழியில இருக்கற கட்டடத்தையெல்லாம் காட்டுவாரு. இந்த லிஃப்ட் நான் மாட்டினது, இதுல ஏழாவது மாடியில ஒரு குலுக்கு குலுக்கும், எவன் வந்தாலும் சரி பண்ண முடியாதும்பாரு. அப்புறம் பாட்டு ஏதாவது முனகுவாரு, ராகமே இருக்காது. ஏம்மா?”

“ஒண்ணுமில்ல. பின்னால எனக்கு எதுவும் கேக்காது. கிழவன் போடற சத்தத்துல.”

மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வேனில் எங்கே உட்காருவாள் என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை. இப்போது யோசிப்பது முகத்தில் தெரிந்தது. மருமகள் தண்ணீர் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“சின்ன வண்டியே அனுப்புங்க,” என்று ஊர்திக்காரரிடம் சொன்னாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஆஸ்பத்திரியின் பின்வாசலில் சாம்பல் வண்டி நின்றது. பெட்டியைத் தட்டில் ஏற்றிப் பட்டையால் கட்டினார்கள். மகன் அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். “பாத்து உக்காரும்மா,” என்று சொல்லிவிட்டு வேனை நோக்கி நடந்தான்.

மடக்கு சீட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “தலை எந்தப் பக்கம்ப்பா?” என்று பட்டையைக் கட்டிக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டாள்.

“முன்பக்கம்தாம்மா.”

அப்படியானால் அவள் உட்கார்ந்திருந்தது தோளுக்கு நேராக. அவள் கணக்குப் பார்த்துக்கொண்டாள். ஒரு பலகை தடுத்தது, அவ்வளவுதான்.

வண்டி கிளம்பியது. முன்னால் டிரைவர் இருக்கும் பகுதிக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக அவளுக்குச் சாலை தெரிந்தது. வங்கிக் கட்டடம் வந்தது, அதன் பக்கத்தில் ஒன்பது மாடி ஹாஸ்டல் வந்தது. எந்த லிஃப்ட் அவர் மாட்டியது என்று அவளுக்குத் தெரியாது. எல்லாமே அவர் மாட்டியதாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். பின்பக்கக் கண்ணாடியில் கிழவன் இருமிக்கொண்டு வருவது தெரிந்தது.

பெரிய சந்திப்பு வருவதற்குள் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். “அம்மா, மேம்பாலத்துல ஏறினா கால் மணி நேரத்துல போயிடலாம். உங்க பையன் அப்படித்தான் சொன்னாரு. ஆனா நமக்கு அங்க பதினோரு மணிக்குத்தான் நேரம். சீக்கிரம் போனா வெளியதான் நிக்கணும்.”

“வேற வழி இருக்கா?”

“பழைய ரோடு இருக்கு. ஏரியைச் சுத்திட்டுப் போவும். முக்கால் மணி ஆயிடும்.”

“அதுலயே போங்க.”

டிரைவர் கண்ணாடியில் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு இடதுபக்கம் திரும்பினார்.

கிழவன் ஹார்ன் அடித்தான். விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான். மேம்பாலத்தின் ஏற்றம் வரை போய்விட்டு, தடுமாறி, பின்னால் வந்தவர்களிடமெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு, பழைய ரோட்டுக்குள் திரும்பி வந்தான். அவள் பையில் கைப்பேசி அடித்தது. மகன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது, மகள். அதையும் அடிக்க விட்டாள். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. ஹார்னும் நின்றுவிட்டது. கிழவன் கொஞ்சம் இடைவெளி விட்டு, பேசாமல் பின்னால் வந்தான்.

வீடுகள் தீர்ந்து ஏரி தெரிய ஆரம்பித்தது. தண்ணீர் பாதிதான் இருந்தது. கரையில் யாரோ சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வளைவில் வண்டி சாய்ந்தது. பட்டையின் தளர்வில் பெட்டி விரல்கடை அளவு நகர்ந்து, அவள் முழங்காலில் வந்து சாய்ந்து நின்றது.

“பெட்டி நகர்ற சத்தம் கேக்குதே,” என்றார் டிரைவர். “ஓரமா நிறுத்திப் பட்டையை இறுக்கட்டுமாம்மா?”

“வேண்டாம்ப்பா,” என்றாள். “இருக்கட்டும்.”